சி.டி.சி. டீத்தூள்: குன்னூர்க் கவுண்டரில் நான்கு பாக்கெட்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பக்கம், தேயிலைத் தொழிற்சாலை வாசலிலேயே தூள் விற்கும் கவுண்டர்கள் இருக்கின்றன. வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்கள் ஆளுக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். பாக்கெட்டின் நடுவில் கொட்டை எழுத்தில் சி.டி.சி. என்று இருக்கும். அடியிலோ பக்கவாட்டிலோ, விலைச் சீட்டுக்குப் பக்கத்தில், இன்னும் இரண்டு மூன்று எழுத்துகள் பொடியாக இருக்கும்: பி.பி., பி.ஓ.பி.எஃப்., பி.எஃப்., எஸ்.ஆர்.டி. வாங்குகிறவர் கண்ணில் படுவது கொட்டை எழுத்து. வீட்டில் டீ எப்படி வரும் என்பதைத் தீர்மானிப்பதோ பொடி எழுத்து. அதைப் பார்க்காமல் வாங்கினால் நல்ல தூளையும் மட்டமான தூள் என்று திட்ட வேண்டி வரும்.

அப்படி ஒரு கவுண்டரில் வாங்கிய நான்கு கால் கிலோ பாக்கெட்டுகளைப் பற்றியது இந்த மதிப்புரை. நான்கும் ஒரே தொழிற்சாலைச் சரக்கு, ஒரே பேக்கிங் மாதம். ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறது. முதலாவது, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், மூடி வைத்து 6 நிமிடம். சுவை பார்ப்பதற்கென்று ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தர விதி வகுத்திருக்கும் முறை இது. இரண்டாவது, பாலும் சர்க்கரையும் சேர்த்த வழக்கமான வீட்டு டீ.

முதலில் கொட்டை எழுத்து. தேயிலையில் சி.டி.சி. என்றால் கிரஷ், டியர், கர்ல்; நசுக்கு, கிழி, சுருட்டு. முதல் எழுத்துக்கு கட், அதாவது வெட்டு, என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டும் வழக்கில் இருக்கிறது. அது தரத்தின் பெயர் இல்லை, தயாரிக்கும் முறையின் பெயர். 1930-களின் தொடக்கத்தில் அஸ்ஸாமின் அம்குரித் தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய இயந்திரம். பல் வெட்டிய இரண்டு எஃகு ரோலர்கள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700. இந்த 1-க்கு 10 வேக வித்தியாசத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மெதுவான ரோலர் இலையைப் பிடித்துக்கொள்ளும், வேகமான ரோலர் அதைக் கிழித்து இழுக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் இலை நசுங்கி வெளியே வருமே தவிர கிழியாது.

பறித்த கொழுந்து நேராக ரோலருக்குப் போவதில்லை. நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட வைப்பார்கள். ஈரம் 70 சதவீதத்தை ஒட்டி இறங்கியதும் ரோட்டர்வேன் என்ற இயந்திரத்தில் அரைபட்டு, பிறகு வரிசையாக நிற்கும் மூன்று முதல் ஐந்து ஜோடி ரோலர்களில் விழும். ரோலரில் ஒரு அங்குலத்துக்கு 8 பல், 10 பல் என்ற கணக்கு உண்டு. பல் நெருங்கினால் தூள் பொடிசாகும். வெளியே வரும் பச்சை மாவு காற்றுப்பட்டு செம்பு நிறமாக மாறுவதை ஃபெர்மென்டிங் என்கிறார்கள். தமிழில் நொதித்தல் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் தோசை மாவு போல இங்கே நுண்ணுயிர் எதுவும் வேலை செய்வதில்லை. இலையில் இருக்கும் நொதியும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் விட்டு, டிரையரில் சுட்டு, ஈரத்தை 3 சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்தால் தூள் தயார். நாலு, நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும்.

பிழை பெரும்பாலும் ரோலரில்தான் பிறக்கிறது. பல் மழுங்கினால் இலை மணி மணியாகச் சுருளாமல் செதில் செதிலாக வரும். தேய்ப்பில் சூடு ஏறி, குடிக்கும்போது நாக்கில் தட்ட வேண்டிய சுறுசுறுப்பு போய், டீ சப்பென்று இருக்கும். இதைக் கவுண்டரிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் போட்டு விரலால் உருட்டுங்கள். நல்ல சி.டி.சி. கறுத்து, கெட்டியாக, மணல் மாதிரி உருளும். மழுங்கிய ரோலரின் தூள் பழுப்பாக, லேசாக, கையோடு ஒட்டும். ஒரே டம்ளரில் இரண்டையும் நிரப்பி நிறுத்தால் மணியாக உள்ளது எடை கூடுதலாக இருக்கும். பழுப்பு நாராகத் தெரிவது தண்டு. முற்றிய இலையை வாங்கி அரைத்தால் நார் கூடும். அதை நிலைமின் ஏற்றிய ரோலர்களைக் கொண்டு பிரித்தெடுப்பார்கள். இந்த நான்கு பாக்கெட்டிலும் நார் கொஞ்சம்தான். ரோலர் பராமரிப்பு நன்றாக இருக்கும் தொழிற்சாலை என்பது தூளின் உருட்டிலேயே தெரிகிறது.

சி.டி.சி. என்ற இந்த மூன்று எழுத்தே வாங்க வருகிறவர்களைக் குழப்புகிறது, குழப்பத்துக்குக் காரணமும் இருக்கிறது. கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மலையேறும் ஐ.டி. ஊழியருக்குச் சி.டி.சி. என்றால் காஸ்ட் டு கம்பெனி, ஒரு ஆளுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அதற்கும் கைக்கு வரும் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியை வேலைக்குச் சேருகிறவர்கள் கட்டாயம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நீலகிரியிலும் கோவையிலும் வயதானவர்களிடம் கேட்டால் சி.டி.சி. என்பது பஸ். 1972-இல் தொடங்கிய சேரன் போக்குவரத்துக் கழகம் பல ஆண்டுகள் இந்த மலைப்பாதைகளில் ஓடியது; 1997-இல் அது பெயர் மாறித் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகமானது. ரயில்வேயில் இரண்டு பொருள். ஒன்று, ஒரே அறையில் உட்கார்ந்து பல நிலையங்களின் சிக்னலையும் பாயின்ட்டையும் இயக்கும் மையப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. மற்றது ஒடிசாவின் கட்டாக் நிலையத்தின் குறியீடு. டிக்கெட் பதிகிறவர்கள் பார்த்திருப்பார்கள். புற்றுநோய் மருத்துவத்தில், கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் சுற்றும் செல்களுக்கு அந்தப் பெயர். பேச்சை எழுத்தாக்கும் கணினித் துறையில் 2006-இல் வந்த ஒரு பயிற்சி முறைக்கும் அதே மூன்று எழுத்து. அலுவலகக் கோப்பில் சான்றளிக்கப்பட்ட நகல்.

இவற்றில் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ரசாயனக் கடையிலும் பழைய ஒர்க்ஷாப் அலமாரியிலும் சி.டி.சி. என்று ஒட்டிய டப்பா இருந்தால் அது கார்பன் டெட்ரா குளோரைடு. ஒரு காலத்தில் உலோகத்தில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவும், தீயணைப்பானிலும், துணி வெளுக்கவும் பயன்பட்டது. ஓசோன் படலத்தை அரிக்கும் பொருள் என்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் இந்தியா 2010 முதல் அந்தப் பயன்பாடுகளை நிறுத்தியது. ஈரலைக் கெடுக்கும் விஷம். சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். தேயிலை ஆலையில் ரோலர் துடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு டப்பா இருக்கவே கூடாது. எழுத்து ஒன்றுதானே என்று மோந்து பார்க்கவும் கூடாது.

பொடி எழுத்துக்கு வருவோம். அங்கேயும் இதே கதைதான். பி.பி. என்றால் வீட்டில் ரத்த அழுத்தம். தேயிலையில் புரோக்கன் பெக்கோ. பி.எஃப். என்றால் வருங்கால வைப்பு நிதி. தேயிலையில் பெக்கோ ஃபானிங்ஸ். ஆர்.டி. என்றால் வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு. தேயிலையில் ரெட் டஸ்ட், முன்னால் எஸ் சேர்ந்தால் சூப்பர் ரெட் டஸ்ட். ஓ.பி. என்றால் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளி. தேயிலையில் ஆரஞ்சு பெக்கோ. அதில் ஆரஞ்சுப் பழம் எதுவும் கிடையாது. பெக்கோ என்பது கொழுந்து நுனியில் இருக்கும் வெள்ளை ரோமத்தைக் குறித்த சீனச் சொல்லிலிருந்து வந்தது. பி.பி. பாக்கெட் ரத்த அழுத்தக்காரர்களுக்கான தூளா என்று கவுண்டரில் கேட்கிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காய்ந்த தேயிலை எதுவானாலும் நூறு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் காஃபீன் இருக்கும்; பொடியாக இருக்கும் தூளில் அது சீக்கிரம் தண்ணீரில் இறங்கும், அவ்வளவுதான்.

இந்த எழுத்துகள் எல்லாம் சல்லடையின் எழுத்துகள். டிரையரிலிருந்து வரும் ஒரே குவியல் சல்லடைகளில் விழுந்து, பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம் என்று பிரிகிறது. அதனால் பி.பி. உயர்ந்தது, டஸ்ட் கழிவு என்ற நினைப்பு தவறு. ஒரே நாளில் ஒரே இலையிலிருந்து வந்த உடன்பிறப்புகள் அவை.

பி.பி. ஏறத்தாழக் கடுகு அளவு. கொதிநீரில் 6 நிமிடத்தில் தெளிந்த செந்நிறம், துவர்ப்பு மிதம், மலைத் தேயிலைக்குரிய பூ வாசனை இந்த நான்கில் இதில்தான் நன்றாகத் தெரிந்தது. பாலில் போட்டால் தோற்றுப்போகிறது. இரண்டு நிமிடக் கொதியில் நிறமே ஏறவில்லை. ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் நிறம் வருகிறது, வாசனை போய்விடுகிறது. பால் இல்லாமல், எலுமிச்சையோ இஞ்சியோ போட்டுக் குடிக்கிறவர்களுக்கு உகந்த பாக்கெட். குடிப்பவர் ஒருவரே என்றால் வடிகட்டியில் போட்டு மேலே வெந்நீர் ஊற்றியும் எடுக்கலாம், அடைக்காது.

பி.ஓ.பி.எஃப்., அதாவது புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ ஃபானிங்ஸ், கேழ்வரகை விடச் சற்றுப் பொடிசு. நடுத்தரம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எதிலும் குறை இல்லை, எதிலும் முந்தவும் இல்லை. தண்ணீர் அதிகமும் பால் கொஞ்சமுமாகப் போடும் வீட்டுக்குச் சரியாக இருக்கும்.

பி.எஃப். இந்தக் கவுண்டரின் நல்ல சரக்கு. ரவை அளவு மணிகள். நான்கு பேருக்கு 250 மில்லி தண்ணீர், சமமாக வழித்த டீஸ்பூனில் நான்கு. ஒரு ஸ்பூன் 2 முதல் 2.5 கிராம் நிற்கும். தண்ணீர் கொதித்த பிறகு தூளைப் போட்டு இரண்டு நிமிடம், பிறகு 200 மில்லி பாலை ஊற்றி ஒரு கொதி. செங்கல் நிறத்தில், பாலைத் தாண்டி மேலே நிற்கும் சாயம். தூளைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் வைக்கிறவர்கள் பலர். அப்படிச் செய்தால் தண்ணீர் கொதிக்கிற வரை தூள் வெந்துகொண்டே இருக்கும்; வாசனை முதலில் பறந்து, கசப்பு கடைசியில் இறங்கும். டீ கசக்கிறது என்ற புகாரில் பெரும்பங்கு இந்தப் பழக்கத்தால் வருவது.

எஸ்.ஆர்.டி. டீக்கடைக்கான தூள். 30 விநாடியில் சாயம் இறங்குகிறது, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. துணிப்பையில் போட்டு, பாய்லர் வெந்நீரை ஊற்றி, டிகாஷனாக இறக்கி, பாலில் கலக்கும் முறைக்கென்றே ஆனது. டீ மாஸ்டர் ஒரு கிளாஸுக்கு 2.5 கிராம் கணக்கில் போட்டால் கிலோவுக்கு 400 கிளாஸ். அதே பையில் மறுபடி மறுபடி வெந்நீர் ஊற்றினால் இரண்டாவது ஊற்றிலேயே துவர்ப்பு மட்டும் மிஞ்சும். வீட்டில் இதைப் பால் டீயாகக் கொதிக்கவிட்டால் மூன்றாவது நிமிடத்தில் தொண்டையைப் பிடிக்கிறது. சாதாரண எவர்சில்வர் வடிகட்டியில் பாதித் தூள் டம்ளருக்குள் இறங்கி அடியில் சேறாக நிற்கும். வீட்டுக்கு வாங்கத்தான் வேண்டும் என்றால் துணி வடிகட்டியும் சேர்த்து வாங்குங்கள். அளவை முக்கால் பங்காகக் குறையுங்கள்.

கலப்படச் சோதனை இரண்டு, இரண்டும் வீட்டிலேயே செய்யலாம். வெள்ளைக் காகிதத்தில் தூளைப் பரப்பி அதன் மேல் காந்தத்தை ஓட்டுங்கள். ரோலர் பல் தேயும்போது இரும்புப் பொடி தூளில் விழும். அதை எடுக்கத்தான் ஆலையில் சல்லடைக்குப் பக்கத்தில் காந்தம் வைத்திருப்பார்கள். காந்தத்தில் சாம்பல் நிறத் தாடி முளைத்தால் அந்த ஆலையில் காந்தத்தைத் துடைப்பதில்லை என்று அர்த்தம். இந்த நான்கில் எஸ்.ஆர்.டி.யில் மட்டும் ஓரிரு துகள் ஒட்டியது, மற்றவை சுத்தம். அடுத்தது, வடிதாளில் கொஞ்சம் தூளைப் போட்டு நீர் தெளித்து, சிறிது நேரம் கழித்துக் குழாயடியில் தூளைக் கழுவிவிட்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தேயிலையில் எந்தச் சாயமும் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. சேர்த்திருந்தால் தெளித்தவுடனேயே மஞ்சளும் சிவப்புமாகக் கறை ஓடும். நான்கிலும் லேசான பழுப்புத் தடத்தைத் தவிர எதுவும் இல்லை.

கவுண்டர் மீது மூன்று குறைகள். பாக்கெட்டில் இருப்பது பேக்கிங் செய்த மாதம். தூள் செய்த மாதம் இல்லை. நீலகிரியில் இந்த வித்தியாசம் பெரியது. டிசம்பர் முதல் மார்ச் வரை குளிரிலும் வறண்ட காற்றிலும் கொழுந்து மெதுவாக வளரும், வாசனை கூடுதலாக இருக்கும். தென்மேற்குப் பருவமழையில் ஈர இலை சரியாக வாடாது, தூளின் கனமும் சாயமும் குறையும். மழைக்காலச் சரக்கை ஜனவரியில் பொட்டலம் கட்டினால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? செய்த மாதத்தையும் அச்சடிக்க வேண்டும். கேட்டால் வாயால் சொல்கிறார்கள், அதுவரை நல்லது.

இரண்டாவது, நீலகிரித் தைலப் பாட்டில்களும் டீ பாக்கெட்டும் ஒரே கண்ணாடி அலமாரியில். தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். மெல்லிய பாலித்தீன் பை அதைத் தடுக்காது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த இன்னொரு பி.பி. பாக்கெட்டைப் பிரித்ததும் தைல நெடி வந்தது. அலுமினியம் பூசிய உறையில் இருந்ததில் அது இல்லை. ஊட்டிக் கடைகளில் வர்க்கி, சாக்லேட், தைலம், தேயிலை எல்லாம் ஒரே மேசையில் இருக்கும். அங்கே வாங்கும்போதும் உள் உறை அலுமினியமா என்று பார்த்து வாங்குங்கள். ஊருக்குத் திரும்பும்போது தைலப் பாட்டிலைத் தேயிலை இருக்கும் பைக்குள் வைக்கக் கூடாது.

மூன்றாவது, சுவரில் நீலகிரித் தேயிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு என்று எழுதியிருக்கிறது. அந்தப் பதிவு ஆர்த்தடாக்ஸ் முறையில், இலையை ரோலரில் கிழிக்காமல் உருட்டித் திரித்துச் செய்யும் தேயிலைக்கு. சி.டி.சி. பாக்கெட்டுக்கு மேலே அதை எழுதினால் வாங்குகிறவர் இதற்கும்தான் என்று எடுத்துக்கொள்வார். எழுதுவதானால் ஆர்த்தடாக்ஸ் அலமாரிக்கு மேலே எழுதட்டும்.

கவுண்டரில் ருசி பார்க்கக் கொடுக்கும் கப்பை அப்படியே நம்பி அளவை முடிவு செய்யாதீர்கள். குன்னூர் 1,850 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கம்மி, கொடைக்கானலிலும் ஏறத்தாழ அதே. சென்னையில் 100. மலையில் மூன்று நிமிடக் கொதியில் இதமாக இருந்த பி.எஃப்., கடற்கரை ஊரில் இரண்டே நிமிடத்தில் அந்தக் கட்டத்துக்கு வந்துவிடும். மூன்று விட்டால் கடுக்கும். கீழே இருக்கிறவர்கள் முதல் தடவை ஒரு நிமிடத்தைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். மலையிலேயே இருக்கிறவர்கள் தூளைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டினால் போதும், கூடவே பாத்திரத்தை மூடி வைக்க வேண்டும்.

இந்த நான்கில் பால் டீ குடிக்கும் வீட்டுக்கு பி.எஃப்., பால் சேர்க்காதவர்களுக்கு பி.பி., கடைக்கு எஸ்.ஆர்.டி. ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் பிரிக்க வேண்டாம். பிரித்ததும் காற்றுப் புகாத தகர டப்பாவுக்கு மாற்றி, ஈர ஸ்பூன் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலை மழையில் மலை வீடுகளில் திறந்து வைத்த தூள் சில நாளிலேயே ஈரத்தை இழுத்து, மணி உருளாமல் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பிக்கும். பாக்கெட்டைக் கட்டித் தரும் முன் மூலையில் இருக்கும் அந்தப் பொடி எழுத்தைக் கடைக்காரரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். வேறு கிரேடைக் கை மாற்றி வைத்துவிடுவது கூட்ட நேரத்தில் சகஜம்.